பின்னால் இழுத்தால் கழன்று வருமா? பூனைக்கு ஹார்னஸ் பார்க்கும் விதம்

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். கொழும்பில் ஃபிளாட்டுக்குள்ளேயே வளர்ந்த ஆண் பூனை, ஒன்றரை வயது, நாலு கிலோ, கருத்தடை செய்தது. இப்போது தோட்டத்துக் குவாட்டர்ஸுக்கு வந்திருக்கிறார்கள், அவன் நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து கத்துகிறானாம். முன்னால் ரோடு, பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாலைந்து நாய்கள், சும்மா வெளியே விடப் பயம். டவுனில் மணி வைத்த மெல்லிய ஹார்னஸ் (கயிறு மாட்டி நடத்த உடம்பில் போடுகிற பட்டி) ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார், இரண்டாம் நாளே உருவிப் போட்டுவிட்டு அவன் கூரையில் ஏறிவிட்டான். "அக்கா, உருவவே ஏலாத ஹார்னஸ் எது, பெயரை மட்டும் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார். கூடவே, ஹார்னஸ் இருந்தால் கழுத்துப்பட்டியும் வேண்டுமா என்று ஒரு கேள்வி.

பெயர் மட்டும் சொல்வது லேசு. ஆனால் சொன்னால் நீங்கள் அதை வாங்குவீர்கள், அது உங்கள் பூனையின் உடம்புக்கு ஒரு அங்குலம் பெரிதாக இருக்கும், அவன் மறுபடியும் கூரையில் இருப்பான். பெட்டியில் 'தப்ப முடியாதது' என்று அச்சடித்து வரும் ஹார்னஸையும் உருவிய பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். நான் பண்டாரவளையில் தையல் மெஷினோடு இருபது வருஷம் இருக்கிறவள், ஸ்கூல் பேக் வார் தைப்பது, ஜாக்கெட் சிப் மாற்றுவதுதான் பிழைப்பு, பூனை ஹார்னஸ் தைக்க ஆரம்பித்தது என் சொந்தப் பூனை சுண்டு என்னை ரோட்டில் வைத்து அவமானப்படுத்திய பிறகு. அதனால் தையற்காரி கண்ணால்தான் சொல்வேன்.

முதலில் பூனை எப்படி உருவுகிறது என்பதைப் பாருங்கள், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வரும். நமக்குக் காறை எலும்பு தோளையும் மார்பு எலும்பையும் பூட்டி வைத்திருக்கிறது, அதனால் தோள் சுருங்காது. பூனைக்கு அந்த எலும்பு சின்னத் துண்டாகத் தசைக்குள் மிதந்துகொண்டிருக்கிறது, வேறு எலும்போடு பூட்டப்படவில்லை. தலை நுழைகிற ஓட்டைக்குள் தோளும் நுழைவது அதனால்தான். தோல் தளர்வு, ரோமம் அமுங்கும். இப்படிப்பட்ட உடம்பு முன்பக்கம் பாய்ந்தால் ஹார்னஸ் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் நெஞ்சுப் பட்டி விலாவில் அழுந்தும். ஆனால் பயந்த பூனை முன்னால் பாய்வதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பும், தலையைக் குனியும், காதை மடிக்கும், முழங்கையை முன்னால் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் போகும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? போகாதே என்று கயிற்றை இழுக்கிறீர்கள். அதாவது சட்டையைக் கழற்றும்போது குழந்தைக்கு நாம் தலை வழியாக இழுத்து விடுவோமே, அதே வேலையை அதற்குச் செய்து கொடுக்கிறீர்கள். மூன்று விநாடி கூட ஆகாது.

சுண்டு செய்ததும் அதுவே. மிருக வைத்தியரிடம் ஊசி போடக் கூட்டிக்கொண்டு போன நாள், கால்களை இரண்டு ஓட்டையில் வைத்து முதுகில் பூட்டுகிற மாதிரி ஹார்னஸ், பார்க்க அழகு. பின்னால் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்தது. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். கையில் வெறும் ஹார்னஸ் தொங்குகிறது, பூனை ஒரு அரிசிக் கடையின் பலகைக்கு அடியில். இரண்டு ராத்திரி அந்தக் கடை வாசலில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே ஒரு ஹார்னஸை எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பூனை என்னைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனால், இதில் எது அதைத் தடுக்கும்?

நீங்கள் வாங்கின மணி வைத்தது முயலுக்கும் பூனைக்கும் சேர்த்து விற்கிற எட்டு வடிவக் கயிறு. அதில் தடுக்கிறது எதுவும் இல்லை, இரண்டு வளையமும் ஒன்றுக்குள் ஒன்று நழுவும். மணி வேறு, பூனைக்குத் தன் முதுகிலேயே யாரோ கிலுக்கிக்கொண்டு துரத்துகிற மாதிரி இருக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

கால் வைத்து ஏறுகிற வகை, சுண்டு உருவினது, தலை வழியாகப் போட விடாத பூனைக்கு வசதி என்று கடையில் சொல்வார்கள். வசதி சரி. ஆனால் கழுத்துக்கென்று தனி வளையம் இல்லை, முன்பக்கம் முழுவதும் ஒரே திறப்பு, பூனை பின்வாங்கினால் அந்தத் திறப்பு வழியாகத் தோள், முழங்கை, எல்லாம் வரிசையாக வெளியே வந்துவிடும். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்க மட்டும் என்றால் பார்க்கலாம், ரோட்டோரத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டு வகைதான் மிச்சம். ஒன்று எச் எழுத்து மாதிரி வருவது: கழுத்துக்கு ஒரு வளையம், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு வளையம், இரண்டையும் முதுகில் ஒரு பட்டியும் அடியில் கால்களுக்கு நடுவே ஒரு பட்டியும் இணைக்கும். அந்த அடிப் பட்டிதான் முக்கியம், சில மலிவான மாடல்களில் அது இருக்காது, முதுகுப் பட்டி மட்டும் இருக்கும், அது அரை ஹார்னஸ். இரண்டாவது வகை, பனியன் மாதிரி அகலத் துணியில் வருவது. நெஞ்சு முழுவதும் அழுத்தம் பரவும் என்பதால் இழுக்கிற பூனைக்கு நோகாது, உருவுவதும் ஓரளவு கஷ்டம். ஆனால் அதில் வெல்க்ரோ மட்டுமே பூட்டு என்றால் வேண்டாம். வெல்க்ரோவில் ரோமம் சேரச் சேரப் பிடி போகும், ஈரத்திலும் பிடி குறையும், அதைப் பிரிக்கும் 'சர்' சத்தத்தை நிறையப் பூனைகள் ஜென்மத்துக்கும் மன்னிக்காது. வெல்க்ரோவுக்கு மேல் கழுத்திலும் நெஞ்சிலும் பக்கிள் வைத்த பட்டி ஓடுகிற பனியன் என்றால் நல்லது.

இந்த இரண்டில் எது என்றால், கொட்டகலைக்கு நான் எச் வகையைச் சொல்வேன். காரணம் மழை. மேற்குப் பக்கச் சரிவில் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் மழை, வட்டவளைப் பக்கமெல்லாம் சொல்லவே வேண்டாம், துணி காயவே காயாது. பஞ்சு வைத்த பனியன் ஈரமானால் பூனையின் நெஞ்சில் ஈரக் கம்பளி கட்டின மாதிரி. அப்புறம் அட்டை. அகலத் துணிக்கு அடியில் அட்டை ஏறிவிட்டால் வீட்டுக்கு வந்து கழற்றும் வரை உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊவாப் பக்கம் நடு வருஷத்தில் வறட்சி, பனியன் வகை அந்த மாதங்களில் பரவாயில்லை, மழை எங்களுக்கு வடகீழில்தான், ஐப்பசி கார்த்திகையில்.

சின்ன நாய்க்கு விற்கிற ஹார்னஸ் பொருந்துமா என்று பலர் கேட்கிறார்கள். நாயின் நெஞ்சு முன்னங்கால்களுக்கு நடுவே அகலம், பூனைக்கு ஒடுக்கம். கழுத்து சரியாக வந்தால் நெஞ்சில் தொளதொளக்கும், நெஞ்சு சரியாக வந்தால் நடுப் பட்டி முழங்கையை அறுக்கும். நூற்றில் ஒன்று பொருந்தலாம்.

இனி அளவு. என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் 'பழைய அளவு போதும் அக்கா' என்பார்கள், பூனைக்காரர்கள் 'நாலு கிலோ, மீடியம் போதும்' என்கிறார்கள். இரண்டும் ஒரே கூத்து. நாலு கிலோவில் நீட்டுப் பூனையும் உண்டு, உருண்டைப் பூனையும் உண்டு. தையல் டேப் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி அடையாளம் போட்டு ஸ்கேலில் வையுங்கள். பூனை நிற்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அளந்தால் நெஞ்சு பெருத்துக் காட்டும், அந்த அளவில் வாங்கினது நின்றதும் தொங்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அளப்பது லேசு, தலை குனிந்திருந்தாலும் உடம்பு நிற்கும். கழுத்தைத் தோளோடு சேருகிற அடியில் அளக்க வேண்டும், தாடைக்குக் கீழே அல்ல. நெஞ்சை முழங்கைக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளி அளக்க வேண்டும். மூன்றாவது அளவு யாரும் எடுப்பதில்லை, முதுகில் கழுத்து வளையத்துக்கும் நெஞ்சு வளையத்துக்கும் இடையிலுள்ள தூரம். இது நீளமாகிப்போனால் பின் வளையம் வயிற்றுக்கு நழுவும், குட்டையானால் முழங்கைக்கு இடையில் வந்து உராயும். ஒரே அளவை மூன்று தடவை எடுங்கள், மூன்றும் மூன்று விதமாக வரும், நடுவில் உள்ளதை வையுங்கள். நான் அளந்த வளர்ந்த நாட்டுப் பூனைகளில் பெரும்பாலானவை கழுத்து 20இலிருந்து 25 சென்டிமீட்டர், நெஞ்சு 32இலிருந்து 40க்குள் வந்தன. உங்கள் பூனை இதற்கு வெளியே வந்தால் பயப்பட வேண்டாம், அளவை நம்புங்கள், என்னை அல்ல.

கொழும்பிலிருந்து கூரியரில் எடுக்கிறீர்கள் என்றால் விற்கிறவரிடம் 'மீடியம் இருக்கா' என்று கேட்காதீர்கள். கழுத்தும் நெஞ்சும் ஆகக் குறைந்தது எத்தனை சென்டிமீட்டர், ஆகக் கூடியது எத்தனை என்று கேளுங்கள். உங்கள் அளவு அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். கடைசித் துளை வரை இறுக்கினால்தான் பொருந்தும் என்கிற ஹார்னஸ், பூனை மழையில் நனைந்து ரோமம் ஒட்டிப்போன அன்றைக்குப் பொருந்தாது. மாற்றித் தருவீர்களா என்பதையும் காசு அனுப்பும் முன்னமே கேட்டுவிடுங்கள்.

கையில் வந்ததும் தையலைப் பாருங்கள். பட்டி பட்டியோடு சேருகிற இடத்தில் ஒரே ஒரு நேர்த் தையல் போட்டிருந்தால் அது பள்ளிக்கூடப் பையின் வார் மாதிரி ஒரு நாள் பிய்யும். நாலு பக்கமும் பெட்டி மாதிரி தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும், அல்லது மிகவும் நெருக்கமாகக் குறுக்கே அடித்த கட்டுத் தையல் இருக்க வேண்டும். கயிறு மாட்டுகிற டி ரிங்கைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். கம்பியை வளைத்து முனைகளைச் சும்மா சேர்த்து வைத்ததா, பற்ற வைத்து மூடியதா? சேர்த்து வைத்தது இழுவையில் திறக்கும், உங்கள் நகத்துக்குத் தட்டுப்படுகிற அந்த மயிரிழை இடைவெளி வழியாகக் கொக்கி நழுவும். ரிங் எங்கே தைத்திருக்கிறது என்பதும் முக்கியம். கழுத்து வளையத்திலேயே தைத்திருந்தால் நீங்கள் இழுக்கும் பலம் முழுவதும் தலை வழியாகக் கழல வேண்டிய வளையத்துக்கே போகிறது. முதுகின் நடுவிலோ நெஞ்சுப் பட்டியிலோ இருக்கட்டும்.

பக்கிள் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பூனைக் கழுத்துப்பட்டிகளில் பலமாக இழுத்தால் தானாகத் திறக்கும் பக்கிள் வைப்பார்கள், கிளையில் மாட்டினால் பூனை தொங்கிவிடக் கூடாது என்று. கழுத்துப்பட்டிக்கு அது நல்லது. அதே பக்கிளை ஹார்னஸில் வைத்து 'பாதுகாப்பு' என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வாங்கும்போது இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுங்கள். திறந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பட்டியில் நைலான், பொலியெஸ்டர் என்று இரண்டு. நைலான் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் நீளும், பொலியெஸ்டர் அவ்வளவு நீளாது. மலைநாட்டு மூடுபனியில் காலையில் சரியாக இருந்த ஹார்னஸ் பத்து மணிக்குத் தளர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம், இன்னொன்று நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பிளாஸ்டிக் வளையம் மெல்லிய பட்டியில் மெதுமெதுவாக நழுவுவது. அளவு சரியாக வந்ததும் பட்டியின் வால் முனையை அந்த வளையத்துக்குள்ளேயே இன்னொரு தடவை திருப்பிக் கோத்துவிடுங்கள். நான் என்றால் இரண்டு தையல் போட்டு அந்த இடத்தை நிரந்தரமாக்கிவிடுவேன், வளர்ந்த பூனைதானே. குட்டிக்கு அப்படிச் செய்யாதீர்கள், அதற்கு வாரா வாரம் அளவு மாறும்.

போட்ட பிறகு பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு விரல் தட்டையாக நுழைய வேண்டும், இரண்டாவது விரல் சிரமப்பட்டுத்தான் நுழைய வேண்டும். முதல் தடவை போட்டதும் பூனை மூச்சை இழுத்து உடம்பை விறைக்கும், ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் பாருங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

இப்போது சோதனை, இதைச் செய்யாமல் வாசற்படி தாண்டக் கூடாது. கதவு ஜன்னல் எல்லாம் மூடின காம்பராவில் ஹார்னஸ், கயிறு இரண்டையும் போட்டுவிட்டுப் பூனைக்கு முன்னால் குந்தியிருங்கள். கயிற்றை உங்கள் பக்கம் மெதுவாக, வெடுக்கென்று அல்ல, இழுத்துப் பிடியுங்கள். அவன் பின்னால் போவான். போகட்டும். கழுத்து வளையம் காது வரை வருகிறதா? முழங்கை பட்டிக்குள் நுழைகிறதா? இரண்டில் ஒன்று நடந்தால் இறுக்க வேண்டும், இறுக்கியும் நடந்தால் அந்த ஹார்னஸ் அவனுக்கு இல்லை. இதை ஒரு நாள் மட்டும் அல்ல, வேறு வேறு நாளில் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள், பூனை முதல் நாளில் காட்டாத வித்தையை மூன்றாம் நாளில் காட்டும். ஆனால் தினமும் செய்து அவனுக்கே பயிற்சி கொடுத்துவிடாதீர்கள்!

இதிலிருந்து வெளியே நடக்கும்போது உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவன் பின்வாங்க ஆரம்பித்தால் இழுக்காதீர்கள். கயிற்றைத் தளர்த்திக்கொண்டு இரண்டு அடி வைத்து அவனுடைய பக்கவாட்டுக்கோ வால் பக்கத்துக்கோ போய்விடுங்கள். இழுவை பின்பக்கமிருந்து வந்தால் ஹார்னஸ் லேசில் கழலாது. சுண்டுவிடம் நான் இதைப் பழகின பிறகு ஒரு தடவை கூட உருவவில்லை, ஹார்னஸ் மாறினதை விட என் கை மாறினதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கயிறு ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர் போதும். பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்குகிற பெட்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். கை தவறி அந்தப் பெட்டி விழுந்தால் அது சுருண்டுகொண்டு கடகடவென்று பூனையின் பின்னாலேயே ஓடும், பூனை அது தன்னைத் துரத்துகிறது என்று நினைத்து ஹட்டன் வரை ஓடும். கொக்கி சுழல்கிற வகையாக, இலேசானதாக இருக்கட்டும், நாய்ச்சங்கிலிக் கொக்கியின் பாரம் நாலு கிலோப் பூனையின் முதுகுக்கு அதிகம். கைப்பிடி வளையத்துக்குள் மணிக்கட்டை விட்டுக்கொள்ளுங்கள்.

பழக்குவதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதல் சில நாள் ஹார்னஸைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வையுங்கள், மணம் பிடிக்கட்டும். பக்கிள் 'டிக்' என்கிற சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் ஒரு துண்டு அவித்த கோழி. பிறகு ஐந்து நிமிஷம் மாட்டுவது. மாட்டினதும் பூனை பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து செத்தது போலக் கிடக்கும், பின்னங்கால் வாதம் வந்த மாதிரி இழுத்து நடக்கும், பார்த்துச் சிரிக்கலாம், பயப்பட வேண்டாம், நாடகம்தான். கோழிக்குப் பதிலாகக் கருவாடு கொடுக்கிறவர்கள் உப்புப் போக ஊற வைத்துக் கொடுங்கள். வீட்டுக்குள் இயல்பாக நடந்து, சாப்பிட்டு, குதித்த பிறகுதான் இஸ்தோப்பு, அதாவது வாசல் திண்ணை. இஸ்தோப்பில் ஒரு வாரம். வாசற்படியை அவன் தன் காலால் தாண்ட வேண்டாம், எப்போதும் நீங்கள் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், இல்லாவிட்டால் ஹார்னஸ் இல்லாத நாளிலும் கதவு திறந்ததும் பாய்வான்.

வெளியே எங்கே, எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஹார்னஸ் எவ்வளவு நல்லதானாலும் இடம் பிழைத்தால் பிழைத்ததுதான். காலை எட்டு ஒன்பது மணிக்குப் பிறகு, மூடுபனி இறங்கும் முன் போங்கள். விடியலிலும் இருட்டும் நேரத்திலும் வேண்டாம், தேயிலைக்குள் சிறுத்தை நடக்கிற நேரம் அது, தோட்டத்து நாய்கள் எத்தனை காணாமல் போகின்றன என்று உங்கள் லயத்திலேயே கேட்டுப் பாருங்கள். மரக்கறித் தோட்ட வேலி ஓரமும் காட்டோரமும் போகாதீர்கள். பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி அங்கேதான் இருக்கும், 2020இல் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தையே அப்படி மாட்டி, பிறகு செத்துப்போனது ஞாபகம் இருக்கும். மருந்து அடித்த தேயிலை மலைக்குள் விடவே கூடாது, பூனை காலை நக்கும் பிராணி. கவாத்து வெட்டின மலையும் ஆகாது, வெட்டின முனையெல்லாம் குச்சி குச்சியாக நிற்கும், பட்டி மாட்டினால் பூனை பதறும். நல்ல தேயிலையிலும் அவன் செடிக்கு அடியில் புகுந்து நாலு தூரைச் சுற்றிவிட்டு வந்தால் கயிற்றை எடுக்க உங்களுக்கு அரை நாள் பிடிக்கும். கொய்யா மரத்தில் கட்டிப் போட்டுவிட்டு உள்ளே டீ போடப் போகவும் கூடாது, ஒரு நிமிஷம்தானே என்று போகிற அந்த நேரம்தான் நாய் வரும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்பு அடிக்கிற நாள், தீபாவளி வெடி, இவற்றுக்கெல்லாம் நடையே கிடையாது.

நாய் வந்தால் பூனையை வெறுங்கையால் மார்போடு தூக்காதீர்கள், உங்கள் முகத்தைத்தான் ஏணியாகப் பாவிக்கும். தோளில் ஒரு தடித்த துவாய் எப்போதும் இருக்கட்டும், அதைப் போட்டு மூடிச் சுருட்டித் தூக்குங்கள். அதை விட நல்லது முதுகில் ஒரு பை. சுண்டுவுக்கு நான் அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையை எடுத்து மூடி தைத்து வைத்திருக்கிறேன், பயம் வந்தால் அவனே அதற்குள் குதிப்பான். இருபது வருஷம் அம்மா நெற்றியில் கயிறு போட்டுச் சுமந்த கூடை, இப்போது பூனைக்குப் பல்லக்கு, அம்மா பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் அடி விழுந்திருக்கும்.

வெளியே போகும் முன் விசர்நாய்க்கடி ஊசி போட்டிருக்க வேண்டும், வீட்டுப் பூனைக்கு எதற்கு என்று கொழும்பில் விட்டிருந்தால் இப்போது போடுங்கள், பூனைக்கான மற்றக் கூட்டுத் தடுப்பூசியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். டவுனில் உள்ள அரச மிருக வைத்தியரிடம் கேளுங்கள், பெரிய சிக்கல் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஹார்னஸைக் கழற்றி, அக்குள், விரல் இடுக்கு, காது, மூக்கு எல்லாம் பாருங்கள். அட்டை இருந்தால் பிய்க்காமல் நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை மெதுவாக வழித்து எடுங்கள். நமக்குப் பூசுகிற புகையிலைத் தண்ணீர், டெட்டோல், யூக்கலிப்டஸ் தைலம் இவற்றில் எதையும் பூனைமேல் போடாதீர்கள், மூன்றும் அதற்கு நஞ்சு. உண்ணி மருந்து வாங்கும்போது இன்னும் கவனம்: நாய்க்கு முதுகில் விடுகிற சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனையைக் கொன்றுவிடும். பெட்டியில் பூனைக்குப் பாவிக்கலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். பங்களாத் தோட்டங்களில் லில்லிப் பூ வைத்திருப்பார்கள், அதன் மகரந்தம் ரோமத்தில் பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும், அந்தப் பக்கம் தலையே காட்டாதீர்கள். ஹார்னஸை அடுப்புக்கு மேல் காய வைக்க வேண்டாம், பக்கிள் வளையும். நிழலில் காற்றாடப் போடுங்கள். வீட்டுக்குள் அதை மாட்டினபடி விடவும் கூடாது, ஜன்னல் கம்பியில் மாட்டித் தொங்கிவிடும்.

இத்தனையும் செய்து ஒரு நாள் உருவிக்கொண்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் ஓடும், விட்டால் ஒளியும். வீட்டுக்குள் வளர்ந்த பூனை பெரும்பாலும் தூரம் போகாது, இரண்டு மூன்று வீட்டுக்குள் எதற்கு அடியிலாவது பதுங்கி மூச்சுக் காட்டாமல் இருக்கும், நீங்கள் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. லயத்துக் கூரை இடுக்கு, விறகு அடுக்கின இடம், கான் (வடிகால்) மேல் போட்ட கல்லுக்கு அடி, இவற்றை டார்ச் அடித்துக் கண் மின்னுகிறதா என்று பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் ஊர் அடங்கின பிறகு சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தால் வரும். சுண்டு இரண்டாம் ராத்திரி ஒரு மணிக்கு வந்தான், அரிசி மா பூசின முகத்தோடு.

கழுத்துப்பட்டி வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும், இழுத்தால் திறக்கிற பக்கிள் உள்ளது, உங்கள் ஃபோன் நம்பரோடு. கயிற்றை மட்டும் ஒருபோதும் அதில் மாட்டாதீர்கள், பாய்ந்தால் கழுத்து நெரிபடும், இல்லாவிட்டால் பட்டி திறந்து பூனை போய்விடும். அதே நம்பரை ஹார்னஸின் உள்பக்கத்திலும் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். கழுத்து, நெஞ்சு, முதுகு மூன்று அளவையும் எடுத்து அனுப்புங்கள், நீங்கள் பார்த்து வைத்திருக்கிற ஹார்னஸின் அடிப்பக்கப் படத்தோடு. மேல்பக்கப் படம் வேண்டாம், அதில் பூப்போட்ட துணி மட்டும்தான் தெரியும்.